6 மீட்டர் பைப் வெட்டும் கணக்கு: நிரல் 11 லெங்த் கேட்குது, கையால் போட்டா 9-ல் முடியுது

கேள்வி: கேட்டுக்கணக்கு

ஒரு பட்டறைக்கு கட்டிங் லிஸ்ட் போடும் நிரல் எழுதிட்டு இருக்கேன். 40×40 சதுர பைப், ஒரு லெங்த் 6000 எம்.எம். கேட் ஆர்டர் ஒன்றுக்குத் தேவையான துண்டுகள்:

3057 எம்.எம். – 6
1617 எம்.எம். – 6
1557 எம்.எம். – 6
1377 எம்.எம். – 12

கட்டிங் வீல் ஒவ்வொரு வெட்டுக்கும் 3 எம்.எம். தின்னும்.

பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, ஒவ்வொரு துண்டையும் இடம் இருக்கும் முதல் பைப்பில் போடும் வழக்கமான முறை (எஃப்.எஃப்.டி.) எழுதினேன். 11 லெங்த் வருது. பட்டறைக்காரர் தாளில் கிறுக்கி 9 போதும்னு காட்டறார், சரிபார்த்தேன், சரியாத்தான் இருக்கு. நிரலில் பிழையா, இல்லை முறையே அப்படியா?

சி.பி.சி. சால்வரிலும் (முழு எண் விடை தேடித் தரும் இலவச நிரல்) முயன்றேன். "இந்தத் துண்டு இந்தப் பைப்பிலா" என்று ஒவ்வொன்றுக்கும் 0/1 மாறி: 30 துண்டு × 11 பைப் = 330. கீழ் எல்லை (இதுக்குக் கீழே போக முடியாதுன்னு சால்வர் சொல்லும் எண்) 9-ல் நிற்குது, கிடைச்ச விடை 10-லிருந்து இறங்கவே மாட்டேங்குது. இதுக்கு மேல் என்ன செய்யலாம்?

---

பதில் 1: மீதித்துண்டு

நிரலில் பிழை இல்லை. உங்க ஆர்டர் எஃப்.எஃப்.டி.க்கு வாய்ச்ச மோசமான ஆர்டர், அவ்வளவுதான்.

முதல்ல வெட்டுச் சேதாரத்தை ஒழுங்கா உள்ளே கொண்டு வந்துடலாம். n துண்டு வேணும்னா இடையில் n−1 வெட்டு. அதனால ஒவ்வொரு துண்டோடும் 3 கூட்டுங்க, பைப்போடும் ஒரே ஒரு தடவை 3 கூட்டுங்க. பைப் 6003, துண்டுகள் 3060, 1620, 1560, 1380. இதுக்கப்புறம் வெட்டை மறந்துடலாம். துண்டோட மட்டும் கூட்டிட்டு பைப்பை 6000-லேயே விட்டா, கடைசித் துண்டு பைப்போட முனையிலேயே முடியற நல்ல அடுக்கு எல்லாம் "பொருந்தாது"ன்னு தள்ளுபடி ஆகும். எதையுமே கூட்டாம விட்டா அதைவிட மோசம்: நாலு 1500 ஒரு பைப்பில் வரும்னு நிரல் சொல்லும், கடைசித் துண்டு 1491 வந்து நிக்கும்.

இப்ப எஃப்.எஃப்.டி.யை கையால ஓட்டிப் பாருங்க. 3060 ஒவ்வொன்றும் தனிப் பைப், 6 ஆச்சு. அடுத்து 1620 வரிசையா அந்த ஆறிலும் போய் உட்காரும்: 4680, மிச்சம் 1323. 1380-க்கு 57 எம்.எம். குறைச்சல், ஆறு பைப்பும் அப்படியே செத்துப்போச்சு. 1560 மூணு மூணா 2 பைப், அங்கேயும் மிச்சம் அதே 1323. கடைசியா 1380 நாலு நாலா 3 பைப். 6+2+3 = 11.

பாதியைக் கொஞ்சம் தாண்டின துண்டு, காலைக் கொஞ்சம் தாண்டின ரெண்டு வகை, காலுக்குக் கொஞ்சம் குறைஞ்ச ஒண்ணு. பாடப்புத்தகத்துல எஃப்.எஃப்.டி.யைக் கவுக்கறதுக்குன்னே தர்ற உதாரணம் இதே வடிவம்தான். எவ்வளவு மோசமாப் போனாலும் இந்த முறை உகந்த விடையைப் போல சுமார் 11/9 மடங்கைத் தாண்டாதுன்னு டேவிட் ஜான்சன் 1973-லேயே நிறுவிட்டார். 2007-ல் தோஷா அதை 11/9 மடங்கு + 6/9-ன்னு இறுக்கினார். உகந்தது 9-ன்னா அதிகபட்சம் 11.67, அதாவது 11. உங்களுக்குக் கிடைச்சது சரியா அந்த உச்சம்.

உடனடித் தீர்வு: துண்டுக்குப் பைப் தேடாதீங்க, பைப்புக்குத் துண்டு தேடுங்க. மீதி இருக்கறதில் பெரிய துண்டை ஒரு பைப்பில் வைங்க. மிச்ச இடத்தை எந்தக் கூட்டு அதிகமா நிரப்புதுன்னு நேப்சாக் (ஒரு பைக்குள் அடங்கும் சிறந்த கூட்டைத் தேடும் கணக்கு) மாதிரி அட்டவணை போட்டுக் கண்டுபிடிச்சு நிரப்புங்க. உங்க கணக்குல 3060 வைச்சா மிச்சம் 2943. அதுக்கு 1560+1380 = 2940 பொருந்தும். இப்படி ஆறு பைப். அப்புறம் கையில் இருக்கறது 1620 ஆறு, 1380 ஆறு: 1620×2 + 1380×2 = 6000. மூணு பைப். மொத்தம் 9.

"பெரிய துண்டு முதல்ல" நிபந்தனையை மட்டும் எடுத்துடாதீங்க. எடுத்தா சின்னச் சின்னத் துண்டா சேர்த்து முதல் சில பைப்பை அழகா நிரப்பிட்டு, முரட்டுத் துண்டு எல்லாம் கடைசியில் தனித்தனியா நிக்கும்.

---

பதில் 2: நெடுவரிசை

மேலே சொன்ன முறை நல்லது, ஆனால் 9-க்குக் கீழே போக முடியாது என்பதை அது தானாகச் சொல்லாது. இந்த ஆர்டரில் துண்டுக்கு 3 சேர்த்த மொத்த நீளம் 54000; 54000/6003 = 8.996, எனவே 9 என்று கூட்டல் கணக்கே சொல்லிவிடுகிறது. துண்டு வகைகள் இருபது முப்பது ஆனால் இந்த எளிய எல்லை பல நேரம் கைகொடுக்காது.

முதலில் 0/1 மாறிகள் ஏன் திணறுகின்றன என்பது. சால்வருக்கு 3-ஆம் பைப்பும் 7-ஆம் பைப்பும் வேறு வேறு. ஒரே வெட்டுத் திட்டத்தைப் பைப் எண்களை மட்டும் மாற்றி 11! விதமாக எழுதலாம், அதாவது சுமார் 4 கோடி. ஒரே அளவுத் துண்டுகளை ஒன்றுக்கொன்று மாற்றுவதால் வருவது இதற்கு மேல். ஒரு கிளையை மூடினால் அதே திட்டம் வேறு பெயரில் பக்கத்துக் கிளையில் முளைக்கும். இந்த மாதிரியை விடவே மனமில்லை என்றால், வகைக்கு ஒரு முழு எண் மாறி (இந்தப் பைப்பில் 1380 எத்தனை) என்று சுருக்கி, பைப்புகளை வரிசை எண்படிதான் பயன்படுத்த வேண்டும் என்று கட்டுப்பாடு போடுங்கள். ஓரளவு இறங்கும். ஆனாலும் தளர்த்திய கணக்கின் (துண்டைப் பின்னமாகவும் பிரிக்கலாம் என்று விட்டால் வருவது) எல்லை மொத்த நீளம் ÷ பைப் நீளம் என்பதற்கு மேல் எழும்பாது.

கில்மோரும் கோமோரியும் 1961-ல் காட்டிய வழி வேறு. மாறியாக வருவது துண்டு இல்லை, ஒரு முழு வெட்டுமுறை. "ஒரு 3060, ஒரு 1560, ஒரு 1380" என்பது ஒரு வெட்டுமுறை; அதை எத்தனை பைப்பில் செய்வது என்பதே மாறி. எல்லா வெட்டுமுறைகளையும் முன்கூட்டி எழுத வேண்டாம், தேவைப்படும்போது பிறப்பித்துக்கொள்ளலாம்.

உங்கள் எண்களிலேயே போட்டுப் பார்ப்போம். தொடக்கத்தில் வகைக்கு ஒரு வெட்டுமுறை: 3060 ஒன்று; 1620 மூன்று; 1560 மூன்று; 1380 நான்கு. நேரியல் கணக்கு (பின்ன எண்ணிக்கையையும் அனுமதிப்பது) தரும் விடை 6+2+2+3 = 13. ஒவ்வொரு துண்டின் டூயல் விலை (அந்தத் துண்டு ஒன்று கூடினால் எத்தனை பைப் கூடும் என்பது) முறையே 1, 1/3, 1/3, 1/4.

இப்போது 6003 நீளத்துக்குள் எந்தக் கூட்டின் விலை அதிகம் என்று நேப்சாக் கணக்கு. 3060+1560+1380-க்கு 1 + 1/3 + 1/4 = 1.583. இது ஒரு பைப்பின் விலையான 1-ஐத் தாண்டுகிறது, எனவே இந்த வெட்டுமுறையைச் சேர்க்கிறோம். மறுபடி தீர்த்தால் 9.5. அடுத்த சுற்றில் எந்தக் கூட்டு வரும் என்பது சால்வரைப் பொறுத்தது, இங்கே ஒரே விடைக்கு டூயல் விலை பல விதமாக அமையலாம். 1560-இன் விலை 1/3 என்று வந்தால் 1620×2+1380×2 போன்றவை 1.167 பெறும். அந்த வெட்டுமுறை உள்ளே வந்ததும் 6+3 = 9.

9 என்பதற்கு அத்தாட்சியும் இங்கேயே கிடைக்கிறது. விலைகளை 0.51, 0.27, 0.26, 0.23 என்று வையுங்கள். இவை நீளத்தை 6000-ஆல் வகுத்தவை. எல்லா நீளமும் 60-இன் மடங்கு என்பதால் 6003-க்குள் எந்தக் கூட்டும் 6000-ஐத் தாண்டாது, ஆக எந்த வெட்டுமுறையின் விலையும் 1-ஐத் தாண்டாது. மொத்த ஆர்டரின் விலை 3.06 + 1.62 + 1.56 + 2.76 = 9.00. ஒரு பைப் அதிகபட்சம் 1 மதிப்பைத்தான் சுமக்கும் என்றால் 9 பைப் இல்லாமல் முடியாது.

நிரலாக்கும்போது சறுக்கும் இடங்கள்:

நேப்சாக் அட்டவணைக்கு முழு எண் எம்.எம். மட்டும் கொடுங்கள். அங்குலத்தைத் தசமமாக்கிக் கொடுத்தால் 0.0001 வித்தியாசத்தில் நல்ல வெட்டுமுறை தவறிப்போகும். 6004 கட்டம், 4 வகை. கண் இமைப்பதற்குள் முடியும்.

நிறுத்த நிபந்தனை "1-ஐவிட அதிகமா" என்று இருக்கக் கூடாது, 1.000001-ஐவிட அதிகமா என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் பதின்மப் பிழையால் ஒரே வெட்டுமுறை திரும்பத் திரும்ப வந்து சுற்று நிற்காது.

தேவைக் கட்டுப்பாடு சமம் என்று போடாமல் "குறைந்தது இத்தனை" என்று போடுங்கள். விலைகள் எதிர்மறைக்குப் போகாது, நேப்சாக் எளிதாக இருக்கும். ஓரிரு துண்டு அதிகமாக வந்தால் கடைசியில் வெட்டுத்தாளிலிருந்து நீக்கிவிட்டால் போயிற்று.

பின்ன விடை வந்தால், 17.4 பைப் போல, கீழே வெட்டி 17 ஆக்கி, மிச்சத் துண்டுகளுக்குப் பதில் 1-இல் சொன்ன முறையை ஓட்டுங்கள். அல்லது பிறந்த வெட்டுமுறைகளை மட்டும் வைத்து முழு எண் கணக்காகச் சி.பி.சி.யிடம் கொடுங்கள். நேரியல் விடையை மேல்நோக்கி முழுமையாக்கினால் வருவதே பெரும்பாலும் உகந்தது. எப்போதும் அப்படி இல்லை. ஒன்றுக்கு மேல் தள்ளிப்போகாது என்பது இன்னும் ஊகம்தான், நிறுவப்படவில்லை.

---

பதில் 3: வெல்டிங்மேசை

கணக்கெல்லாம் சரி. அந்த 9 லெங்த் திட்டத்தை வெட்டுகிற ஆளிடம் கொடுக்கும் முன் ஒரு நிமிஷம்.

3057+1557+1377 = 5991. நடுவில் ரெண்டு வெட்டு, 6. மொத்தம் 5997. மிச்சம் 3 எம்.எம்., அதையும் மூணாவது வெட்டு பொடியாக்கிடும். இன்னொரு வெட்டுமுறைக்கும் அதே 5997. ஒன்பது பைப்பிலும் இதே கதை, ஒன்றில்கூட மூச்சு விட இடமில்லை. பைப் முனை எப்பவும் நசுங்கியோ சாய்ஞ்சோ இருக்கும், அதை 10 எம்.எம். சீவாம யாரும் வெல்டு வைக்க மாட்டாங்க. வீல் தேய்ஞ்சு ஆடினா 3 என்பது 3.5 ஆகும். டேப் கொக்கி தளர்ந்திருந்தா துண்டுக்கு 1 எம்.எம். போகும்.

10 எம்.எம். முனைச் சீவலைச் சேருங்க: 6000 − 10 + 3 = 5993. இப்ப 54000/5993 = 9.01. அதாவது 9 சாத்தியமே இல்லை, 10-தான் உகந்தது. அதைப் பதில் 1-இன் முறையே கொடுத்துடும்:

3057 + 1377×2, ஆறு பைப். மிச்சம் 170.
1617×3, ரெண்டு பைப். மிச்சம் 1130.
1557×3, ரெண்டு பைப். மிச்சம் 1310.

மீட்டருக்கு மேல் நாலு மீதி கிடைக்குது. அதை எடுத்து வைச்சு அடுத்த ஜன்னல் வேலைக்கு ஓட்டிடலாம், அது வேஸ்ட் கணக்கிலேயே வராது. எஃப்.எஃப்.டி. இதிலும் 11-தான் சொல்லும்.

ஆனா எனக்குப் பெரிய சந்தேகம் வேற. "6 மீட்டர்"னு யார் சொன்னது? பில்லுல 6 மீட்டர்னும் வாயில 20 அடின்னும் ஒரே பைப்பைச் சொல்றது உண்டு. 20 அடின்னா 6096. அந்த 96 எம்.எம். உங்க கணக்கையே புரட்டிப் போட்டுடும். டேப் வைச்சு ஒரு பண்டில்ல நாலஞ்சு பைப்பாவது அளந்து, இருக்கறதிலேயே குட்டையை நீளமா எடுத்துக்குங்க.

---

கேட்டுக்கணக்கு

அளக்கச் சொன்னேன். குட்டையான பைப் 6095 வந்தது! சீவல் 10, வெட்டு 3: 6088 போட்டு ஓட்டினா பழைய எஃப்.எஃப்.டி.யே 9 தருது. இது எப்படி? அப்போ இத்தனை நாள் எழுதினது எல்லாம் வீணா?

இன்னொன்று: இதே பட்டறைக்கு அடுத்து பிளைவுட் 8×4 அடி ஷீட் வருது. நீளம், அகலம் ரெண்டுக்கும் இதே முறையை நீட்டினால் போதுமா?

---

பதில் 4: மீதித்துண்டு

முன்னாடி செத்துப்போன இடம் 1323, இப்ப 1408. 1380 உள்ளே போகுது. ஆறு பைப்பில் 3060+1620+1380, ரெண்டு பைப்பில் 1560×3+1380, கடைசியில் 1380×4. எட்டு பைப்பில் மிச்சம் 25, ஒரு பைப்பில் 565.

பட்டறைக்காரர் தாளில் போட்ட 9-ஐயும் இந்த நீளத்தில் பாருங்க: ஒவ்வொரு பைப்பிலும் 85 மிச்சம், ஒன்பதுமே பழைய இரும்புக்குத்தான். ரெண்டு திட்டத்திலும் மொத்த மிச்சம் அதே 765. ஆனா எஃப்.எஃப்.டி. அதை ஒரே இடத்தில் சேர்த்துக் கொடுக்குது, 565-ல் ஒரு சின்னத் துண்டாவது தேறும். லெங்த் எண்ணிக்கை சமமா வந்தா, மீதி ஒரே பைப்பில் குவியற திட்டத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி நிரலில் வைங்க. மீதிகளின் வர்க்கங்களைக் கூட்டி, அதிகமா வர்றதை எடுத்தாலே போதும்.

எழுதினது வீண் இல்லை. மூணையும் ஓட்டி நல்லதை எடுக்கட்டும், நேரம் ஒண்ணும் ஆகாது. கீழ் எல்லையோடு ஒத்துப்போச்சுன்னா அங்கேயே நிறுத்திடலாம்.

---

பதில் 5: நெடுவரிசை

பிளைவுட்டுக்கு அப்படியே நீட்ட முடியாது. முதலில் கேட்க வேண்டியது: எதில் வெட்டுகிறார்கள்?

பேனல் சாவோ டேபிள் சாவோ (வட்ட ரம்ப இயந்திரங்கள்) என்றால் வெட்டு ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை நேராகப் போகும், நடுவில் நிற்காது. 700×500 அளவில் நான்கு பலகையைக் காற்றாடி மாதிரி சுற்றி வைத்து, நடுவில் ஒரு 200×200 வைத்தால் 1200×1200 சதுரம் ஒரு பொட்டு மிச்சமில்லாமல் நிரம்பும். திரையில் அழகாக இருக்கும். ஆனால் எங்கே முதல் வெட்டு போட்டாலும் ஏதாவது ஒரு பலகை பிளந்துபோகும். மேக்ஸ்ரெக்ட்ஸ் போன்ற அடுக்கும் முறைகள் இப்படிப்பட்ட அடுக்கைத் தாராளமாகத் தரும்; அவை சி.என்.சி. ரூட்டருக்கு (கணினி ஓட்டும், எங்கும் தொடங்கி எங்கும் நிறுத்தக்கூடிய வெட்டு இயந்திரம்) சரி. பேனல் சாவுக்கு விளிம்புக்கு விளிம்பு வெட்டை மட்டும் அனுமதிக்கும் முறைதான் வேண்டும்.

அதற்கு எளிய வழி இரண்டு கட்டம், கில்மோர்–கோமோரி 1965-ல் எழுதியது. ஷீட்டை முதலில் பட்டைகளாக வெட்டுவது, பிறகு பட்டையைக் குறுக்கே துண்டாக்குவது. ஒவ்வொரு பட்டை அகலத்துக்கும் உள்ளே என்ன வைப்பது என்பது ஒரு நேப்சாக். எந்தெந்தப் பட்டைகளை ஷீட்டில் அடுக்குவது என்பது இன்னொரு நேப்சாக். இரண்டுமே உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நிரல்தான். வெட்டுமுறை பிறப்பிக்கும் இடத்தில் ஒன்றுக்குப் பதில் இந்த இரண்டும் வரும், மேலே உள்ள நேரியல் கணக்கு மாறாது.

பரப்பளவை வகுத்து வரும் எல்லையை இங்கே நம்ப வேண்டாம். 2440×1220 ஷீட்டில் 630×630 பலகை பரப்பளவுப்படி 7 வர வேண்டும். அகலத்தில் இரண்டு வைக்க 1260 வேண்டும், இல்லை. ஒரே வரிசை, மூன்றே பலகை.

வெட்டுச் சேதாரம் இங்கே இரண்டு திசையிலும் கடிக்கும், அதே கூட்டல் விதியை இரண்டுக்கும் போடுங்கள். ஷீட் அகலத்தில் பாதி 610 என்று வரைந்து கொடுத்தால் 610+3+610 = 1223, பொருந்தாது. 608 அகலத்தில் இரண்டு வரும், 1219. அதே 608 நீளவாக்கில் நான்கு வராது: 2432 + 9 = 2441, ஒரே ஒரு எம்.எம். இடிக்கும். 607 என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஷீட்டுக்கு 8. வரைபடத்தில் 1 எம்.எம். குறைக்க முடியுமா என்று தச்சரிடம் கேட்கும் ஒரு வரியை நிரல் அச்சிட்டுக் கொடுத்தால், சில ஆர்டரில் அது எந்த அல்காரிதத்தைவிடவும் அதிக ஷீட்டை மிச்சம் பிடிக்கும்.

ஷீட்டின் தொழிற்சாலை விளிம்பு பிசிறாக இருந்தால் அதைச் சீவும் அளவையும் முன்பே கழித்துவிடுங்கள். அப்படிக் கழித்தால் மேலே சொன்ன 607-உம் பொருந்தாது, மறுபடி போட வேண்டும்.

மரவரி போட்ட லேமினேட் என்றால் பலகையைத் திருப்பக் கூடாது. துண்டுக்குத் துண்டு "திருப்பலாமா" என்று ஒரு கட்டம் வையுங்கள், மொத்த ஆர்டருக்கும் ஒரே கட்டம் வேண்டாம். அலமாரிக் கதவில் வரி நேராக நிற்க வேண்டும். உள்தட்டில் எப்படி ஓடினாலும் யாரும் பார்ப்பதில்லை, அதைத் திருப்ப விட்டால்தான் பட்டைகள் நிரம்பும்.